கருவாட்டுத் தரத்தில் பிரித்த நட்டுகள்

விமானத்தின் நட்டுகளைக் கருவாடு மாதிரித் தரம் பிரித்து அடுக்கிய களஞ்சியக் காப்பாளன் இந்த நாட்டில் நான் ஒருவன்தான். வேறு எவராவது இருந்தால் அவர் இதுவரை வாய் திறக்கவில்லை. நான் திறந்துவிடுகிறேன். நாளைக்கு இந்த அலுமாரிகளின் திறப்புகள், பயிற்சி முடித்த உங்கள் கைக்கு வரப்போகின்றன. முப்பது வருடம் நட்டுகளுக்கு நடுவில் வாழ்ந்த மனிதர், தொட்டிலில் கிடக்கும்போதே உதிரிப்பாகங்களின் இலக்கங்களை வாசித்திருப்பார் என்று உங்களில் யாரும் நினைத்துவிடக் கூடாது. நான் வளர்ந்தது மன்னார்த் தீவின் பள்ளிமுனையில், கருவாட்டு மணத்துக்குள்.

எங்களுடையது கடற்கரையில் வாடி என்கிற கொட்டில் போட்டு மீன் காயவைத்த குடும்பம். காய்ந்ததைக் கையில் எடுத்து, ஒரு பார்வை பார்த்து, பெரியது இந்தக் குவியல், நடுத்தரம் அந்தக் குவியல், சிறியது சாக்கு, உடைந்தது கோழிக்கு என்று எறிவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. ஒரு கருவாட்டை இரண்டு தரம் பார்ப்பவனை வாடியில் மந்தன் என்பார்கள். ஒரே குவியலுக்குள் பாரையும் கிடக்கும், கட்டாவும் கிடக்கும். லொறியில் வரும் வியாபாரி பருமனைத்தான் பார்ப்பார். இந்த ஒரு கலையில் தேர்ந்த பிறகுதான் எனக்கு விமானத்துறையில் வேலை கிடைத்தது.

எழுபதுகளில், கரையோரத்தை மேலிருந்து படம் பிடிப்பதற்காக ஒரு சின்ன நிறுவனம், தீவிலிருந்த பழைய ஓடுபாதையில் நாலு பேர் ஏறக்கூடிய விமானம் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தது. என் தற்காலிக நியமனக் கடிதத்தில் ‘களஞ்சியக் காப்பாளர் மற்றும் இதர கடமைகள்’ என்று போட்டிருந்தது. இதர கடமைகள் என்றால் கழுதைகள். எங்கள் தீவின் கழுதைகளுக்கு வெயிலில் சூடேறிய ஓடுபாதையில் படுப்பதில் அலாதிப் பிரியம். விமானம் புறப்படும் முன்பும் இறங்கும் முன்பும் நான் ஒரு கிளுவந்தடியோடு ஓடி அவற்றைக் கலைக்க வேண்டும். உண்மையைச் சொன்னால், அந்த வேலையை நான் ஓரளவு ஒழுங்காகச் செய்தேன். களஞ்சியத்தில்தான் கழுதையாக இருந்தேன்.

தலைமை மெக்கானிக் முசலிப் பக்கத்தவர். தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவது மாதிரி நாங்களும் நானா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட ஐந்து வயதுதான் கூட. ஒரு நாளில் அவர் பேசும் பேச்சை ஒரு தபாலட்டையில் எழுதினால் பாதி அட்டை மிஞ்சும். எனக்கு எதையாவது கற்பித்துத் தர வேண்டும் என்ற ஆசை அவருக்கு ஒருபோதும் இருந்ததாகத் தெரியவில்லை.

பாக இலக்கங்களை நானாகவே படித்தேன், அதன் பலனை நானாகவே அனுபவித்தேன். போல்ட்டின் நீளத்தைக் காட்டும் இலக்கத்தில் ஏழுக்கு அடுத்தது பத்து. முதல் இலக்கம் முழு அங்குலம், இரண்டாவது அங்குலத்தில் எட்டிலொரு பங்குகள். எட்டுப் பங்கு சேர்ந்தால் ஒரு முழு அங்குலமாகிவிடுவதால் எட்டுக்கும் ஒன்பதுக்கும் அங்கே இடமில்லை. இதை உங்களுக்கு முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆறு இருந்தது, ஏழு இருந்தது, பத்து இருந்தது. நடுவில் இரண்டையும் துறைமுகத்தில் எவனோ எடுத்துவிட்டான் என்று முடிவு கட்டி, கொழும்புக் கந்தோருக்கு அடுத்தடுத்து மூன்று முறைப்பாட்டுக் கடிதம் எழுதினேன். மூன்றாவதில் பொலிசையும் தொட்டிருந்தேன். ‘தாங்கள் கேட்கும் எட்டும் ஒன்பதும் இன்னும் பிறக்கவில்லை, பிறந்ததும் அறிவிப்போம்’ என்று பதில் வந்தது. நானா அதை வாசித்துவிட்டு, மடித்து, என் மேசையின் கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் அவர் நடத்திய பாடம்.

நட்டு விசயம் இன்னும் பொல்லாதது. AN310-4 என்று ஒரு பைக்கற் இருந்தது. 310 என்பது வகை: தலையில் கோட்டை மதில் மாதிரி வெட்டுகள் உள்ள, குறுக்கே ஊசி போட்டுப் பூட்டுகிற நட்டு. 4 என்பது பருமன். பக்கத்திலேயே AN310D4 என்று இன்னொரு பைக்கற். அதே வகை, அதே பருமன், அதே வெட்டு. நடுவில் வெறும் சிறுகோடு என்றால் உருக்கு. கோட்டின் இடத்தில் D நின்றால் அலுமினியக் கலவை. அடிக்கடி கழற்றிப் பூட்டுகிற இடத்தில் அலுமினியத்தைப் போட்டால் புரி தேய்ந்துவிடும். இதெல்லாம் பைக்கற்றின் மேலே அச்சடித்திருக்கும். நட்டின் மேல் ஒன்றும் இராது. இலக்கம் இருப்பது கடுதாசியில். கடுதாசியை விட்டுப் பிரிந்த நட்டு எது என்று கேட்டால் அதற்கே தெரியாது. இதை இப்போது நான் இவ்வளவு அழகாகச் சொல்கிறேன் அல்லவா, அப்போது எனக்கு இரண்டு பைக்கற்றிலும் கண்ணில் பட்டது நாலு மட்டும்தான்.

நானா தங்கையின் நிக்காஹ்வுக்காக இரண்டு கிழமை லீவில் போனார். அவர் திரும்பி வரும்போது அசந்துபோக வேண்டும் என்று எனக்கு ஆசை. எல்லாப் பைக்கற்றுகளையும் கிழித்து ஒரு சாக்கில் கொட்டினேன். வாடியில் உட்காருவது மாதிரிச் சப்பணம் கட்டி உட்கார்ந்தேன். பெரிது, நடுத்தரம், சிறிது, குறுணி. நாலு பால்மாத் தகரப் பேணிகள் நிறைந்தன. உப்புக்காற்றில் கறள் பிடித்துவிடுமே என்ற பொறுப்புணர்ச்சியில் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவி, தடித்த எண்ணெயில் குளிப்பாட்டினேன். நிறத்தை வைத்தாவது ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிய வழி இருந்திருந்தால் அதையும் அப்படி அடைத்துவிட்டேன். பைக்கற்றுகள் நல்ல தடித்த கடுதாசி. வீணாக்க மனம் வரவில்லை. உப்புக்குளத்துச் சந்தியில் கச்சான் கடலை விற்கிற அம்மாவிடம் கொடுத்தேன். மன்னார் நகரம் ஒரு மாதம் விமான இலக்கம் அடித்த பைக்கற்றில் கச்சான் கொறித்தது.

நானா வந்து பேணிகளைப் பார்த்தார்.

“இதென்ன?”

“ஒழுங்குபடுத்தினனான், நானா.”

“பைக்கற் எங்க?”

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் ஒரு ஏச்சோடு போயிருக்கும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும், கடுதாசி என்பது கச்சானைவிடப் பெரிய விசயம் போலிருக்கிறதே என்று எனக்கு முதல்முறையாகப் பட்டது. பயத்தில் நாக்கு தானாக ஓடியது.

“பின்னால பெரிய அலுமாரிக்குள்ள பத்திரமா வைச்சிருக்கிறன். எது எந்தப் பேணி எண்டு எல்லாம் எனக்குத் தெரியும்.”

அவர் நம்பிவிட்டார். பேசாத மனிதர்களுக்கு அடுத்தவன் பேசினால் அதை நம்பும் பழக்கம் உண்டு.

இதற்கிடையில் என் அக்காவின் புருசன் சூசை, பள்ளிமுனையில் வள்ளம் வைத்திருப்பவன், எஞ்சின் மாட்டும் பலகை ஆடுகிறது என்று வந்து நின்றான். நடுத்தரப் பேணியில் கையை விட்டு நாலு நட்டையும், பொருத்தமாக நாலு போல்ட்டையும் எடுத்துக் கொடுத்தேன். விமான நட்டு, உன் காலத்துக்கும் போகும் என்றேன். நிறுவனத்தின் பொருளை இப்படிக் கொடுப்பதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை எனக்கு நானே வைத்துக்கொள்ள இரண்டு மாதம் எடுத்தது.

இரண்டு மாதம் கழித்துக் கொழும்பிலிருந்து ஒரு பிரமுகர் வந்தார். கடலரிப்பை ஆகாயத்திலிருந்து பார்வையிடப் போகிறாராம். அவர் வருவதற்கு முதல் நாள் பின்னேரம் நானா விமானத்தின் வாலை முழுக்கப் பார்த்தார். மூக்கை மேலே கீழே திருப்புகிற பின்தட்டு இருக்கிறதே, அதைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் புது நட்டு வேண்டும் என்று கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தார். “AN310-4, ஒண்டு.” நான் நடுத்தரப் பேணியில் கையை விட்டேன். எண்ணெயைத் துடைத்து, பவ்வியமாக நீட்டினேன்.

மறுநாள் காலை ஓடுபாதையில் பெருநாள் மாதிரி இருந்தது. பாடசாலை வாத்தியக் குழு வெயிலில் வரிசையாக நின்றது. பிரமுகர் கழுத்து தெரியாத அளவுக்கு மாலையோடு விமானத்தில் ஏறினார், பின்னால் அவருடைய செயலாளர். விமானி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் தடியோடு கழுதைக் கடமையில் நின்றேன். அப்போதுதான் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூசையின் குரல் கேட்டது.

“மச்சான், இஞ்ச வா. உன்ர நட்டைக் கொண்டு வந்திருக்கிறன்.”

“சத்தம் போடாதையடா. பெரிய ஆக்கள் நிக்கினம்.”

“நிக்கட்டும். நேற்று என்ர எஞ்சின் தானாக் கடலுக்க இறங்கப் பாத்தது. ஒரு கையால எஞ்சினையும் மற்றக் கையால வள்ளத்தையும் பிடிச்சுக்கொண்டு கரைக்கு வந்தனான். காலத்துக்கும் போகுமெண்டு சொன்னனி. ஆற்ற காலத்துக்கு? என்ர காலத்துக்கோ?”

“நீ இறுக்கியிருக்க மாட்டாய்.”

“இறுக்கேல்லையோ? இந்தா, பார்.”

வேலி இடுக்கால் ஒரு தீப்பெட்டியை நீட்டினான். உள்ளே நாலு நட்டு. இரண்டு கொடுத்தபடியே இருந்தன. மற்ற இரண்டும் வெள்ளை பூத்து, அரிசிமா தடவியது மாதிரி. பெருவிரலால் அழுத்தினேன். புரி பொலபொலவென்று உதிர்ந்தது.

“ரெண்டு நல்லாக் கிடக்கு, ரெண்டு உக்கிப் போச்சு,” என்றான் சூசை. “எல்லாம் ஒரே பேணியில இருந்துதானே அள்ளித் தந்தனி?”

தீப்பெட்டியை மூடி என் பைக்குள் போட்டேன். கடல் தண்ணீர் தின்றது அலுமினியத்தை. மிஞ்சியது உருக்கு. நடுத்தரப் பேணியில் இரண்டு சாதியும் கலந்து கிடக்கின்றன. அந்தப் பேணியிலிருந்துதான் நேற்று ஒன்றை எடுத்து நானாவின் கையில் வைத்தேன். அது இப்போது விமானத்தின் வாலில், மூன்று பேருடைய உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது எந்தச் சாதி என்று சொல்லக்கூடிய கடுதாசி மன்னாரின் குப்பைகளில் எங்கேயோ.

நான் உடனே ஓடிப்போய்ச் சொன்னேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். முதலில் என் மூளை, வேறு எந்த நாளிலும் காட்டாத வேகத்தில் வேலை செய்தது. பாதிக்குப் பாதி உருக்காகத்தானே இருக்கும். அலுமினியமாக இருந்தாலும் புது நட்டு, ஒரு பறப்பைத் தாங்காதா. இறங்கிய பிறகு நைசாக மாற்றிவிட்டால் போச்சு. தம்பிமாரே, தங்கச்சிமாரே, இந்த மூன்று வசனத்தையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். என்றைக்காவது உங்கள் தலைக்குள் இதே வரிசையில் கேட்டால், பேசுவது நீங்கள் இல்லை, உங்கள் பயம்.

பிறகும் நான் நானாவிடம் போகவில்லை. உண்மையைப் பாதியாகச் சொல்லலாம் என்ற நப்பாசையில், பிரமுகரை வழியனுப்ப நின்ற எங்கள் மனேச்சரிடம் போனேன்.

“சேர், பிளேனைக் கொஞ்சம் நிப்பாட்டலாமோ? ஒரு நட்டில சின்னச் சந்தேகம்.”

மனேச்சர் பிரமுகரைப் பார்த்துச் சிரித்த முகத்தைத் திருப்பாமலே கேட்டார். “சந்தேகம் நட்டுக்கோ, உமக்கோ?”

“எனக்கு, சேர்.”

“அப்ப பின்னேரம் வாரும், கதைப்பம். உம்மட நிரந்தர நியமனக் கடிதம் கையெழுத்துக்கு என்ர மேசையில கிடக்கு. இண்டைக்கு நீர் கழுதையைப் பாத்தாப் போதும்.”

எஞ்சின் உறுமியது. நானா தூரத்தில், சக்கரக் கட்டைகளை எடுத்துக்கொண்டு விலகி நின்றார். விமானம் ஓடுபாதையின் தலைப்புக்குத் திரும்பியது. கத்தினால் கேட்காது. என்னிடமிருந்தது ஒரு தடி. கழுதைகள் படுக்கிற இடத்துக்கு ஓடிப்போய், நடு ஓடுபாதையில் நின்று, தடியைத் தலைக்கு மேலே சுழற்றினேன். வாத்தியக் குழு இதையும் நிகழ்ச்சியில் ஒன்று என்று நினைத்து இன்னும் பலமாக வாசித்தது.

விமானம் நின்றது. எஞ்சின் அடங்கியது. விமானி தலையை வெளியே போட்டு, ஓடுபாதையை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க கழுதை?”

“இஞ்ச நிக்குது, சேர்,” என்று என் நெஞ்சில் கை வைத்தேன்.

நானா ஓடவில்லை. நடந்து வந்தார். “என்ன?”

பிரமுகர், செயலாளர், விமானி, பின்னால் மூச்சுவாங்க வந்த மனேச்சர், இத்தனை பேருக்கும் நடுவில் சொன்னேன். பைக்கற்றுகள் அலுமாரிக்குள் இல்லை, கச்சானுக்குப் போய்விட்டன. D-யும் கோடும் ஒரே பேணியில். சூசைக்கு நாலு கொடுத்தது. நேற்றுத் தந்தது எது என்று தெரியாது. தீப்பெட்டியையும் நீட்டினேன்.

நானா ஏசவில்லை. தீப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடி, சட்டைப்பைக்குள் போட்டார். “நடுத்தரப் பேணியைக் கொண்டு வா.”

ஒப்பிட்டுப் பார்க்கப் போகிறார் என்று நினைத்து ஓடினேன். என் தலைவிதி முழுவதும் அந்த ஒரு நட்டில் கிடந்தது. அலுமினியம் என்றால் நான் மூன்று உயிரைக் காத்தவன். உருக்கு என்றால் பிரமுகருக்கு முன்னால் தடி சுழற்றி ஆடிய கோமாளி. நானா ஊசியை இழுத்து, நட்டைக் கழற்றினார். நான் கழுத்தை நீட்டினேன். அவர் அதைப் பேணியின் வாய்க்கு நேரே விட்டார். டிங் என்று விழுந்தது. பேணியை மூன்று தரம் குலுக்கினார். என் கையில் தந்தார்.

முந்திய கிழமை வந்த ஒரு புதுப் பார்சல் உடைக்காமல் இருந்தது. பிரமுகரின் வருகைக்காகப் புல்லு வெட்டப் போனதால் அதைத் தரம் பிரிக்க எனக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த விமானத்தின் பாதுகாப்புக்கு நான் செய்த ஒரே சேவை அதுதான். நானா அதிலிருந்து ஒரு பைக்கற்றை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“வாசி.”

“AN310-4.”

“நடுவில?”

“கோடு.”

“இன்னொருக்கா.”

மூன்று தரம் வாசித்தேன். வாத்தியக் குழு தனக்குத் தெரிந்த பாட்டுகளை முடித்துவிட்டு முதல் பாட்டை மறுபடி தொடங்கியிருந்தது. பிரமுகர் இறங்கி, கடலரிப்பு ஜீப்பிலிருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரியும் என்று முடிவு செய்தார். போகும் முன் சிறு உரை நிகழ்த்தினார். பொதுமக்களின் உயிரில் தனக்குள்ள அக்கறையினால் விமானத்தை மறுபடி சோதிக்கும்படி தானே கேட்டுக்கொண்டாராம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், தடியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு.

நட்டு மாற்றியாயிற்று, யாராவது பறந்து பார்க்க வேண்டும். நானா விமானத்தின் கதவைத் திறந்து என்னைப் பார்த்தார்.

“ஏறு.”

“நானோ?”

“நேற்று நட்டு ஆர் எடுத்துத் தந்தது?”

ஏறினேன். வானத்திலிருந்து தீவு எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்காதீர்கள். “வடிவா இருக்கு, பாரும்,” என்று விமானி இரண்டு தரம் சொன்னார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன் என்று கண்ணை இறுக மூடியபடி பதில் சொன்னேன். மடு மாதாவுக்கு அன்றைக்கு நான் வைத்த நேர்த்திகளைத் தீர்க்க ஆறு வருடம் பிடித்தது.

நாலு பேணிகளையும் சூசையின் வள்ளத்தில் ஏற்றி, ஆழம் பார்த்துக் கொட்டினோம். நானா கூடவே வந்தார். தீப்பெட்டியையும் சேர்த்தே எறிந்தார். “அந்த ரெண்டு நல்லதையாவது தாங்கோ, நானா,” என்று சூசை கெஞ்சிப் பார்த்தான். நானா கடலைக் காட்டினார். மனேச்சர் என் நியமனக் கடிதத்தை இன்னும் ஒரு வருடம் தள்ளி வைத்தார். மூன்று மாதம் களஞ்சியத் திறப்பு என் கைக்கு வரவில்லை. முழுநேரக் கழுதைக் கடமை. நான் நிரந்தரமாக்கப்படாதவன் என்பது அவற்றுக்கும் எப்படியோ தெரிந்திருந்தது, ஒன்றும் எழும்பவில்லை.

பிறகு இந்தத் தொழிலில் எங்கெல்லாமோ இருந்தேன். பைக்கற் இல்லாத நட்டு ஒன்றைக்கூட என் அலுமாரியில் வைத்ததில்லை. அந்தக் கதையை மட்டும் இரண்டு விதமாக வைத்திருந்தேன். மனைவியின் ஆட்களிடம் சொல்லும்போது நட்டு அலுமினியம், நான் மூன்று உயிர் காத்தவன். கோயில் பங்குச் சபைக்கு என்னைத் தலைவராக்கப் பார்த்தபோது அது உருக்கு, இப்படிப்பட்ட அவசரக்காரன் உங்களுக்கு வேண்டுமா என்று கழன்றுகொண்டேன். இரண்டில் எது உண்மை என்று தெரியாமலே ஓய்வு பெற்றது எனக்குப் பெரிய அரிப்பு.

போன வருடம் அந்த அரிப்பைத் தீர்க்கப் புத்தளம் போனேன். நானா இப்போது அங்கேதான் இருக்கிறார். முற்றத்தில் கதிரையைப் போட்டு, யாருடையதோ தையல் மெசினைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணி வந்தது. பழைய ஆட்களை விசாரித்தேன், அவர் தலையை ஆட்டினார். குடித்து முடித்ததும் கேட்டுவிட்டேன்.

“நானா, ஒண்டே ஒண்டு. அண்டைக்கு வாலில இருந்து கழட்டினீங்களே, அந்த நட்டு. உங்கட விரலில ஒரு நிமிசம் கிடந்தது. பாரம் தெரிஞ்சிருக்கும். உருக்கோ, அலுமினியமோ?”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, என்னை நன்றாகப் பார்த்தார்.

“பைக்கற் எங்க?”